62 வெற்றி, 46 வயது, ஒரு 'டிரா'... மேனி பாக்கியாவை உலகம் எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும்?

2025 ஜூலை 19. லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம் கிராண்ட் அரங்கம். ஒரு மூலையில் 30 வயது மாரியோ பாரியோஸ், டபிள்யூ.பி.சி அமைப்பின் வெல்டர்வெயிட் சாம்பியன். எதிர் மூலையில் நான்கு ஆண்டுகளாகத் தொழில்முறைப் போட்டி எதிலும் இறங்காத ஒரு 46 வயதுக்காரர், பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தன் நாட்டின் செனட் தேர்தலில் அவர் தோற்றிருந்தார். ஆறு வாரம் முன்புதான் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. வழக்கமாக ஆட்டத்தை முடித்துவிட்டவர்களுக்குக் கிடைக்கும் கௌரவம் அது. அதை வாங்கிய கையோடு மீண்டும் கிளவுஸை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

12 ரவுண்டுகள் முடிந்தன. இரண்டு நடுவர்கள் 114-114 என்று எழுதினார்கள். மூன்றாமவர் 115-113 என பாரியோஸுக்குக் கொடுத்தார். முடிவு, டிரா. பட்டம் பாரியோஸிடமே தங்கியது. கடைசி மூன்று ரவுண்டுகளையும் மூன்று நடுவர்களுமே பாரியோஸுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்றை மட்டும் பாக்கியாவ் பிடித்திருந்தால், 46 வயதில் உலக சாம்பியன்!

அன்றிலிருந்து குத்துச்சண்டை ரசிகர்களிடையே ஒரு வாதம் சூடாகவே இருக்கிறது. 'இந்த வயதில் இப்படி ஆடுகிறாரே, இவரைப்போல் யார் உண்டு?' என்கிறது ஒரு தரப்பு. 'சம்பாதித்த பெயரை இப்படிப் பணயம் வைக்கலாமா?' என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய கேள்வி இதுதான்: இந்த மனிதரை நாளைய தலைமுறை எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும்?

எடை போதாத சிறுவன்

1978 டிசம்பர் 17 அன்று மிண்டனாவோ தீவின் கிபாவே என்ற ஊரில் பிறந்தவர் பாக்கியாவ். வளர்ந்தது ஜெனரல் சாண்டோஸ் நகரில். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. சிறுவனாக இருக்கும்போதே தெருவில் ரொட்டியும் டோனட்டும் விற்றார். பதின்பருவத்தில் வீட்டைவிட்டு மணிலாவுக்குப் போய், தெருவில் படுத்து, சண்டை போட்டுக் கிடைத்த காசை அம்மாவுக்கு அனுப்பினார்.

1995 ஜனவரியில், 16 வயதில், முதல் தொழில்முறைப் போட்டி. அதற்குத் தேவையான குறைந்தபட்ச எடைகூட அவர் உடம்பில் இல்லை. கனமான பொருள்களைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தராசில் ஏறியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய நெருங்கிய நண்பர் யூஜின் பருடாக், ரிங்கில் அடிபட்டு இறந்துபோனார். அவரும் இளம் குத்துச்சண்டை வீரர்தான். இந்த விளையாட்டு எதைக் கேட்கும் என்பது பாக்கியாவுக்கு முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் தொடர்ந்தார்.

1998-ல் தாய்லாந்துக்குப் போய், அந்நாட்டின் சாட்சாய் சசாகுலை எட்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்து ஃப்ளைவெயிட் சாம்பியன் ஆனார். அந்தப் பிரிவின் உச்சவரம்பு 112 பவுண்டு, ஏறத்தாழ 51 கிலோ. 2001-ல் அமெரிக்காவில் முதல் போட்டி. வேறொருவர் விலகியதால், இரண்டு வார அவகாசத்தில் கிடைத்த வாய்ப்பு. எதிரில் நின்றவர் தென்னாப்பிரிக்க சாம்பியன் லெட்வாபா. ஆறாவது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது. பெயர் தெரியாமல் வந்த இடது கைக்காரர் சூப்பர் பேன்டம்வெயிட் பெல்ட்டோடு ஊர் திரும்பினார்.

எட்டா, ஆறா?

பாக்கியாவ் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது 'எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஒரே வீரர்' என்பதைத்தான். 51 கிலோவில் தொடங்கியவர், 2010 நவம்பரில் அன்டோனியோ மார்கரிட்டோவை வீழ்த்தி லைட் மிடில்வெயிட் பட்டத்தையும் எடுத்தார். அந்தப் பிரிவின் வரம்பு 154 பவுண்டு, சுமார் 70 கிலோ. அன்று ரிங் ஏறும்போது மார்கரிட்டோ அவரைவிட 17 பவுண்டு அளவுக்குக் கனமாக இருந்தார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டெனப் புரியாது. குத்துச்சண்டையில் இரண்டு, மூன்று கிலோ வித்தியாசத்துக்கே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். கனமானவரின் குத்தில் அத்தனை வலு கூடும். எடை ஏறும்போது வேகம் குறையும் என்பது பொது விதி. பாக்கியாவ் எடை ஏறினார். வேகத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. 2008 மார்ச்சில் 130 பவுண்டு பிரிவில் ஆடியவர், அதே டிசம்பரில் 147 பவுண்டு பிரிவில் ஆஸ்கர் டி லா ஹோயாவை எதிர்கொண்டார். எட்டு ரவுண்டு அடி வாங்கிய டி லா ஹோயா, ஸ்டூலைவிட்டு எழவே இல்லை. 2009 மே மாதம் இங்கிலாந்தின் ரிக்கி ஹாட்டன் இரண்டாவது ரவுண்டிலேயே சாய்ந்தார். நவம்பரில் மிகேல் கோட்டோ. அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர்கள் சங்கம் 2000-களின் தசாப்த நாயகனாக அவரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சர்யம் ஏதுமில்லை.

ஆனால் கறாராகக் கணக்குப் பார்ப்பவர்கள் விட மாட்டார்கள். டபிள்யூ.பி.சி, டபிள்யூ.பி.ஏ, ஐ.பி.எஃப், டபிள்யூ.பி.ஓ என்ற நான்கு பெரிய அமைப்புகளின் பட்டங்களை மட்டும் எண்ணினால் எட்டு, ஆறாகிவிடும். 2003-ல் பரேராவை வென்று எடுத்த ஃபெதர்வெயிட் பட்டம் 'தி ரிங்' பத்திரிகை வழங்கியது. ஹாட்டனிடமிருந்து எடுத்தவை 'தி ரிங்' பட்டமும், சிறிய அமைப்பான ஐ.பி.ஓ-வின் பட்டமும்.

'இடைப்பட்ட எடை' என்ற குற்றச்சாட்டும் உண்டு. கோட்டோ 147 பவுண்டு வரை இருக்கலாம் என்ற பிரிவில் 145-க்கு இறங்க வேண்டியிருந்தது. மார்கரிட்டோவுடனான போட்டி 154-க்குப் பதிலாக 150 பவுண்டில் நடந்தது. டி லா ஹோயாவோ பல ஆண்டுகளாகத் தொடாத எடைக்கு இறங்கி, வற்றிப்போய் வந்தார். எதிராளியின் உடம்பைப் பட்டினி போட்டு வென்றார் என்பது விமர்சகர்களின் வாதம்.

இதற்கு ரசிகர்களின் பதிலும் தயாராக இருக்கிறது. பரேராவும் ஹாட்டனும் அன்று அந்தந்தப் பிரிவில் முதலிடத்தில் இருந்தவர்கள். 'முதலிடத்தில் இருப்பவனைச் சாய்த்தவனுக்கு எந்த அமைப்பின் பெல்ட் என்பதா முக்கியம்?' என்று கேட்கிறார்கள். பெல்ட் கணக்கில் ஆறா, எட்டா என்று இழுபறி இருக்கலாம். வீழ்த்தப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலில் இழுபறி இல்லை.

மார்க்கெஸ் ஒரு பக்கம்... மேவெதர் ஒரு பக்கம்!

எந்த சாம்பியனின் கதையிலும் தீராத கணக்கு ஒன்று இருக்கும். பாக்கியாவுக்கு இரண்டு.

முதல் கணக்கு, மெக்சிகோவின் ஹுவான் மானுவல் மார்க்கெஸ். நான்கு முறை மோதினார்கள். 2004-ல் முதல் ரவுண்டிலேயே மார்க்கெஸை மூன்று முறை விழவைத்தும் ஆட்டம் டிராவானது. 2008, 2011 இரண்டிலும் பாக்கியாவ் வென்றதாக அறிவிக்கப்பட்டாலும், இரண்டு முடிவுகளும் சர்ச்சைக்குள்ளாயின. 2012 டிசம்பரில் நான்காவது மோதல். ஆறாவது ரவுண்டு முடிய ஒரே ஒரு நொடி. முன்னால் பாய்ந்த பாக்கியாவ் மீது மார்க்கெஸின் வலது கை இறங்கியது. முகம் குப்புற விழுந்து அசைவில்லாமல் கிடந்தார். டி.வி-யில் பார்த்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் நீளமானவை.

இரண்டாவது, ஃப்ளாய்ட் மேவெதர். 2009-லேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை நிபந்தனையில் முறிந்தது. பாக்கியாவ் ஊக்கமருந்து எடுப்பதாக மேவெதர் தரப்பு பேச, பாக்கியாவ் அவதூறு வழக்குப் போட்டார். அது 2012-ல் சமரசத்தில் முடிந்தது. அவர் எந்த ஊக்கமருந்துப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. ஆனாலும் கிளப்பிவிட்ட சந்தேகம் சிலரிடம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

ஒருவழியாக 2015 மே 2-ல் இருவரும் மோதினார்கள். அமெரிக்காவில் கிட்டத்தட்ட 100 டாலர் கட்டி 46 லட்சம் பேர் அந்தப் போட்டியை வாங்கிப் பார்த்தார்கள். அதுவரை இல்லாத சாதனை அது. ஆனால் ஆட்டம் சப்பென்று போனது. மூன்று நடுவர்களும் மேவெதருக்கே கொடுத்தார்கள். தோளில் காயம் இருந்ததை ஆட்டம் முடிந்த பிறகுதான் பாக்கியாவ் சொன்னார். சில நாள்களில் அறுவை சிகிச்சையும் நடந்தது. '2010-ல் மோதியிருந்தால்?' என்ற கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது.

50 போட்டி, 50 வெற்றி என்று கணக்கை முடித்தவர் மேவெதர். பாக்கியாவின் கணக்கில் 62 வெற்றி, 8 தோல்வி, 3 டிரா. எண்ணை மட்டும் பார்த்தால் தீர்ப்பு சுலபம். ஆனால் தோற்ற பிறகும் எழுந்து வந்தவரோடுதான் சாதாரண மக்கள் தங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். மார்க்கெஸிடம் மயங்கி விழுந்தவர், ஏழாண்டு கழித்து, 40 வயதில், அதுவரை தோல்வியே காணாத கீத் தர்மனை வென்றார். வெல்டர்வெயிட் வரலாற்றிலேயே மிக வயதான சாம்பியன் ஆனார்.

ரிங்குக்கு வெளியே...

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு என்றால் பிலிப்பைன்ஸில் ஞாயிறு காலை. பாக்கியாவ் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நாட்டுத் தெருக்கள் வெறிச்சோடும். தியேட்டர்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் திரை கட்டிப் பார்ப்பார்கள். 'தேசத்தின் முஷ்டி' என்பது மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்.

அந்த அன்பு ஓட்டாகவும் மாறியது. 2010-ல் சரங்கானி மாகாணத்திலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர், 2016-ல் செனட்டர். தன் பணத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். கேட்டு வந்தவர்களுக்கு வாரிக் கொடுத்தார். ஆனால் 2014-ல் அவர் சபைக்கு வந்தது நான்கே நாள்கள். கிளவுஸையும் பதவியையும் ஒரே நேரத்தில் சுமந்ததில் எது பாதிக்கப்பட்டது என்பதற்கு அந்த ஓர் எண் போதும்.

2016-ல் ஒரு பேட்டியில், தன்பால் ஈர்ப்பாளர்களை விலங்குகளைவிடக் கீழாகப் பேசினார். கண்டனங்கள் குவிந்தன. நைக்கி நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. புண்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். தன் மத நம்பிக்கையில் மாற்றமில்லை என்றும் சொன்னார். போதைப்பொருள் குற்றங்களுக்கு மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று செனட்டில் வாதாடினார். எளியவர்களின் பிள்ளை என்று அவரைக் கொண்டாடியவர்களில் பலர் அப்போது சங்கடப்பட்டார்கள்.

2022 அதிபர் தேர்தலில் நின்று மூன்றாவது இடம் பிடித்தார். வெற்றி மார்கோஸ் ஜூனியருக்குப் போனது. கைதட்டிய எல்லோரும் ஓட்டுப் போடவில்லை. சாம்பியனை நேசிப்பது வேறு, தலைவனைத் தேர்ந்தெடுப்பது வேறு என்று அவருடைய மக்களே பிரித்துக் காட்டிவிட்டார்கள். நாளை வரலாறும் அவரை இப்படித்தான் இரண்டாகப் பிரித்து எழுதும்.

அலியின் கடைசிப் போட்டி யாருடன்?

சரி, இப்போது ஜூலை 19-ன் கேள்விக்கு வருவோம். வயதான பிறகு ஆடி, தோற்று, டிரா செய்து... இதெல்லாம் ஒரு சாம்பியனின் பெயரைக் கெடுக்குமா?

முகமது அலி கடைசியாக யாரிடம் தோற்றார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. 1981 டிசம்பரில், பஹாமாஸில், ட்ரெவர் பெர்பிக்கிடம். அப்போது அலிக்கு 39 வயது. அதற்கு முந்தைய ஆண்டு லேரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கியபோது, பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீதான் ஆட்டத்தை நிறுத்தினார். இந்த இரண்டு தோல்விகளும் அலியின் புகழில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. உலகம் நினைவில் வைத்திருப்பது ஃபோர்மனை வீழ்த்திய அலியை, போருக்குப் போக மறுத்த அலியை.

ஆக, ரசிகர்கள் கடைசிப் போட்டிகளை மறந்துவிடுகிறார்கள். மறக்காதது உடம்பு. 1984-ல் அலிக்கு பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2016-ல் இறக்கும்வரை, 30 ஆண்டுகளுக்கு மேல், அதோடுதான் வாழ்ந்தார்.

தலையில் தொடர்ந்து குத்து வாங்குபவர்களுக்கு மூளை பாதிக்கப்படும் என்பதை ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். நாக் அவுட் மட்டுமே ஆபத்து என்றில்லை. பயிற்சியில் வாங்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குத்துகளும் கணக்கில் சேரும். பாதிப்பு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். இதில் சி.டி.இ எனப்படும் மூளைச் சிதைவு நோயை, இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் இன்றும் உறுதிசெய்ய முடிகிறது. 'பார்க்க நல்லாத்தானே இருக்கார்' என்பது இந்த விளையாட்டில் எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்ப வென்றார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 49 வயதில் இரண்டு பட்டங்களை ஒன்றாக வைத்திருந்தார். வளர்ந்த மனிதர், தன் உடம்பு, தன் முடிவு. தடுக்க நாம் யார் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முடிவுக்கு டிக்கெட் வாங்குபவர்களும், போட்டியை நடத்துபவர்களும், நான்கு ஆண்டுகள் ஆடாதவருக்கு நேரடியாகப் பட்டப்போட்டி கொடுத்த அமைப்பும் சேர்ந்துதான் மேடை போடுகிறார்கள். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில் விருப்பமில்லை என்று முன்பு சொன்னவர் பாக்கியாவ். வறுமைதான் தன்னை ரிங்குக்குள் தள்ளியது என்றவர். இன்று அவர் மகன் ஜிமுயெலும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்துவிட்டார்.

மூலையில் நிற்பவருக்குத் தெரியும்

பாக்கியாவைச் செதுக்கியவர் ஹாலிவுட்டில் 'வைல்டு கார்டு' ஜிம் நடத்தும் ஃப்ரெடி ரோச். அவரும் முன்னாள் வீரர். 1980-களில் அவருடைய ஆட்டம் சரியத் தொடங்கியபோது, 'போதும், நிறுத்திவிடு' என்றார் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச். ரோச் கேட்கவில்லை. பயிற்சியாளரைப் பிரிந்து மேலும் சில போட்டிகள் ஆடினார். பின்னர் அவருக்கும் பார்க்கின்சன் நோய் வந்தது. நடுங்கும் உடலோடுதான் உலகின் தலைசிறந்த பயிற்சியாளர்களில் ஒருவராக அவர் நிற்கிறார்.

அதே எடி ஃபட்ச்சின் பெயர் மணிலாவோடு இன்னொரு விதத்திலும் சேர்ந்திருக்கிறது. 1975 அக்டோபர் 1. பாக்கியாவ் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அலியும் ஜோ ஃப்ரேஸியரும் பிலிப்பைன்ஸில் மோதினார்கள். 14 ரவுண்டு முடிந்தபோது ஃப்ரேஸியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரவுண்டு. ஆடியே தீருவேன் என்று எழப் பார்த்தார் ஃப்ரேஸியர். மூலையில் நின்ற ஃபட்ச் அவர் தோளில் கைவைத்து உட்காரச் சொன்னார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, 'இன்று நீ இங்கே செய்ததை யாருமே மறக்கப்போவதில்லை' என்றார்.

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஃபட்ச் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. 15-வது ரவுண்டுக்கு எழாத ஃப்ரேஸியரை யாரும் கோழை என்று சொல்லவில்லை. தோற்றவராக இருந்தும், அந்த மோதலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அலியின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

பாக்கியாவும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார். 51 கிலோவிலிருந்து 70 கிலோ வரை ஏறி வந்த அந்தப் பயணத்தை, இனி வரும் ஒரு வெற்றியால் பெரிதாக்கவும் முடியாது; ஒரு தோல்வியால் அழிக்கவும் முடியாது. அவர் மீண்டும் கிளவுஸை மாட்டினால் பார்க்கக் கோடிப் பேர் காத்திருப்பார்கள். 'உட்காரு, போதும்' என்று தோளில் கைவைக்க, அந்த மூலையில் ஒருவராவது இருக்க வேண்டும்.